அசையாத குருவி

குருவி அங்கேதான் இருந்தது. போயிருக்காது என்று எப்சிபாவுக்குத் தெரியும், இருந்தாலும் வாழைக்கும் நந்தியாவட்டைக்கும் நடுவில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்ததும் முதல் வேலையாக அதைத்தான் தேடினாள், தேடித் தேடிப் பார்த்தும் காணவில்லை, பலாமரத்தடி முழுக்கச் சருகு, பழுத்த சருகு, கறுத்த சருகு, பாதி மட்கிய சருகு, எங்கே திரும்பினாலும் சருகு, அப்புறம் பார்த்தால் ஒரு சருகுக்குக் கண் இருந்தது. திறந்த கண் இல்லை, ஒரு கீறல், அவ்வளவுதான். பக்கி. இருட்டில் பூச்சி பிடித்துத் தின்றுவிட்டுப் பகலில் தரையோடு தரையாய்ப் படுத்துக் கிடக்கும் பறவை. ஊரில் யாரையாவது வைய வேண்டுமென்றால் பக்கி என்பார்கள், இதைப் பார்த்தவர்கள் அப்படி வையமாட்டார்கள், இந்தப் பொறுமை யாருக்கு வரும். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிட்டது என்று நினைக்குமாம், இதுவும் அப்படித்தான் கண்ணை இடுக்கிக்கொண்டு, நான் உன்னைப் பார்க்கவில்லை, அதனால் நீயும் என்னைப் பார்க்கவில்லை என்று கிடக்கிறது. கிடக்கட்டும். அதன் வயிற்றுக்கடியில் முட்டை இருக்கிறது. நேற்று அந்தி மயங்குகிற நேரத்தில், கஞ்சி குடிக்கக் கரண்டியாக மடக்கிக் கொள்ளலாம் என்று நல்ல பலாவிலையாகப் பொறுக்க வந்தவளின் காலடியிலிருந்து அது சத்தமே இல்லாமல் எழும்பிப் போனது, குனிந்து பார்த்தால் கூடு இல்லை, ஒரு துரும்பு இல்லை, வெறும் சருகின்மேல் இரண்டு முட்டை, வெளிறிய செம்மண் நிறத்தில் திட்டுத்திட்டாக. இன்னும் ஒரு அடி வைத்திருந்தால் மிதித்திருப்பாள். இப்போது நினைத்தாலும் உள்ளங்கால் கூசியது.

இன்றைக்குச் சனிக்கிழமை, புருஷன் நேசையன் தோட்டம் கூட்ட வாரியலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். முப்பது வருஷம் பேச்சிப்பாறை ரோட்டில் பஸ் ஓட்டிய மனுஷன், ஓய்வுபெற்ற பிறகு ஓட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் சனிக்கிழமைதோறும் வாரியலை ஓட்டுகிறார், வாசலில் கிளம்பி, கிணற்றைச் சுற்றி, தென்னைமூடுகளில் நின்று நின்று, கடைசி ஸ்டாப் பலாமரத்தடி, அங்கே எல்லாவற்றையும் குவித்துத் தீப்போட்டுவிட்டுத்தான் குளிக்கப் போவார். முன்வாசலில் இப்போது சரக் சரக் என்று கேட்கிறது. அவர் இங்கே வருவதற்குள் ஒரு படம் வேண்டும். துல்லியமாக ஒரு படம், அதைக் காட்டி, இந்தாருங்க, இங்கே அடை கிடக்கிறது, இந்தப் பக்கம் வாரியல் வரக்கூடாது என்று சொல்லிவிட வேண்டும், வாயால் சொன்னால் நம்பமாட்டார், இவள் பறவை, ஓணான் என்று சொல்லிச் சொல்லியே பாதித் தோட்டத்தை அவர் வாரியலிடமிருந்து பறித்துவிட்டாள் என்று அவருக்கு ஏற்கெனவே குறை. சரி, அது ஒன்று. இன்னொன்றும் இருக்கிறது, அதை அவள் காலையில் எழுந்தபோதே முடிவு செய்துவிட்டாள், பல் தேய்க்கும்போது இன்னும் உறுதியாக முடிவு செய்தாள், கேமராவைத் தூக்கியபோது மூன்றாம் முறையும் முடிவு செய்தாள், மூன்று முறை முடிவு செய்கிற காரியம் பயப்படுகிற காரியம்தான் என்பதும் அவளுக்குத் தெரியும். இன்று கையில் பிடித்துத்தான் எடுப்பாள். கேமராவை நிறுத்தும் முக்காலி அலமாரிக்குமேல் தூசி தின்றுகொண்டு கிடக்கட்டும். கேமராவின் ஒளியுணர்வை, அந்த ஐ.எஸ்.ஓ.வையும் ஏற்றமாட்டாள். கொஞ்ச நாளாக அந்தக் கள்ளத்தனத்தைத்தான் செய்துவருகிறாள், ஐ.எஸ்.ஓ.வை ஏற்றிவிட்டால் ஷட்டர் விருட்டென்று அடிக்கும், கை ஆடினாலும் படத்தில் தெரியாது, படம் உப்புத்தாள் மாதிரிச் சொரசொரத்துப் போகும், போனால் போகட்டும், ஆடவில்லையே. இன்று அந்த மூடாக்கு இல்லை. நிழலில் ஷட்டர் நிதானமாகத்தான் திறந்து மூடும், போன வருஷம் இதே நிதானத்தில் அவள் ஓணானின் கழுத்துச் செதிலை எண்ணுகிற மாதிரி எடுத்திருக்கிறாள். எதிரே இருப்பதோ அசையாத குருவி. ஆகையால் இன்று யார் அசைகிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

தேன்சிட்டு என்றால் சொல்லிவிடலாம். வாழைப்பூவில் தலைகீழாகத் தொங்கி ஒரு மடல் ஒரு மடலாக மூக்கை நுழைத்து நுழைத்து எடுக்கும் அந்தப் பொடிசு ஒரு கணம் நிற்காது, படம் மசங்கினால் குருவி அசைந்துவிட்டது. கீரி அசைந்துவிட்டது. தொட்டியில் ஆம்பல் இலைமேல் உட்கார்ந்திருந்த தவளை குதித்துவிட்டது, உண்மையில் அது குதிக்கவில்லை, நன்றாக அவளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது, இருந்தாலும் நேசையனிடம் அப்படித்தான் சொன்னாள், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவரும் திரையைப் பார்த்துவிட்டு, சரிதான், அதுக்கு என்ன தெரியும், நாளைக்கும் வரும் என்று போய்விட்டார். ஏமாற்றுவது இத்தனை சுலபமாக இருக்கக்கூடாது. ஆனால் அவளை அவளே எப்படி ஏமாற்றுவது, அதுதான் முடியவில்லை, வாழ்நாள் முழுக்கப் படம் பார்த்தவள். அரசு ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில், அந்த இருட்டில், ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு எத்தனை ஆயிரம் நெஞ்சு, எத்தனை ஆயிரம் முழங்கால். மூச்ச இழுங்க. பிடிங்க. அசையாதீங்க. டக். விடுங்க. ஒருதடவை குளச்சல்காரர் ஒருவரிடம் விடுங்க என்று சொல்ல மறந்து உள்ளே போய்விட்டாள், திரும்பி வந்தால் மனுஷன் கண் பிதுங்க, கழுத்து நரம்பு புடைக்க, அப்படியே நின்றுகொண்டிருக்கிறார், கடலில் முங்கிப் பழகினவர், விட்டால் இன்னும் நின்றிருப்பார், அன்று சிரித்த சிரிப்பு. படம் ஆடினால் அவளுக்கு ஒரு பார்வை போதும். விலா எலும்பின் ஓரம் இரட்டையாகத் தெரிந்தால் நோயாளி அசைந்திருக்கிறார், படம் ஆடிட்டு, இன்னொண்ணு எடுக்கணும் என்று மறுபடி நிறுத்துவாள். தோட்டத்திலும் அதே கணக்குதான். குருவி அசைந்தால் குருவி மட்டும் மசங்கும், இலை கூர்மையாக இருக்கும். குருவியும் இலையும் சுவரும் எல்லாமே ஒரே பக்கமாக இழுபட்டிருந்தால் அது குருவி இல்லை. அவள் படங்களில் எல்லாமே வலப்பக்கமாக இழுபட்டிருந்தன, பக்கவாட்டில், எப்போதும் பக்கவாட்டில். யாருக்கும் சொல்லவில்லை. பறவைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் படம் போடுவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள்.

கேமராவைத் தூக்கினாள். முழங்கையை விலாவோடு ஒட்டினாள், இடது கையால் லென்ஸைத் தாங்கினாள், மூச்சை இழுத்தாள், பிடித்தாள், அழுத்தினாள். பார்க்கக்கூடாது, இன்னும் நாலைந்து எடுத்துவிட்டுப் பார்ப்போம் என்று நினைத்த நினைப்பு முடிவதற்குள் பார்த்துவிட்டாள். இழுபட்டிருந்தது. பக்கவாட்டில். சரி, ஸ்டூல் ஆடியிருக்கும், பிளாஸ்டிக் ஸ்டூல், மண்ணும் மெத்தென்றிருக்கிறது, எழுந்து ஸ்டூலைத் தள்ளிவிட்டுத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள், முட்டு ஒன்று மளுக்கென்றது, அதுபாட்டுக்கு அது. மறுபடி. இழுபட்டிருந்தது. வெறும் வயிற்றில் வந்ததுதான் காரணம், இல்லை, வரக்காப்பி குடித்தாயிற்று, அப்படியானால் காப்பிதான் காரணம், காப்பி குடித்தால் கை நடுங்கும் என்பார்கள், முப்பது வருஷமாகக் காப்பி குடிக்கிறவளுக்கு நேற்றுத்தான் தெரிந்ததாக்கும். எப்சிபா, பேசாமல் எடு. மூக்கின்மேல் கொசு. பிடித்த பிடியை விடாத உடும்பு ஒன்று பின்மதிலில் வெயில் காயும், அதைப் படமெடுக்க ஒரு மழைக்காலம் முழுக்கக் காத்திருந்தவள் அவள், கடைசியில் எடுத்தும் காட்டினாள், நாக்கு நீட்டியபடி. கேமராவை மகன் வாங்கித் தந்தபோது, அம்மைக்கு இது எதுக்கு, போன்லயே எடுக்கலாமே என்று மருமகள் சொன்னாள், பாவம், விவரம் தெரியாமல் சொன்னாள். எலும்பும் நுரையீரலுமாகப் பார்த்துக் கண் சலித்துப்போன ஒருத்திக்கு, தோல் போர்த்தி, இறகு போர்த்தி, தன்பாட்டுக்குத் தின்று திரிகிற ஜீவன்களைப் பார்ப்பது என்ன என்று அவளுக்கு எப்படித் தெரியும். அங்கே ஒவ்வொன்றையும் அசையாதே என்று சொல்லி எடுத்தாள், இங்கே எதற்கும் எதுவும் சொல்ல வேண்டாம். செண்பகம் ஒன்று செவ்விறகும் செங்கண்ணுமாய், பெரிய வீட்டுக்காரி மாதிரி, மதிலோரம் நடந்து போகும். முருங்கைப் பூவில் வண்டு விழும். அணில் வந்து கேமராப் பையின் வாரை முகர்ந்து பார்த்துவிட்டுப் போகும். காலையில் இங்கே வந்து உட்கார்ந்தால் அவளுக்குச் சந்தோஷம், இதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை, கல்யாணம், பிள்ளை, வேலை எல்லாவற்றிலும் கிடைத்ததற்குக் கொஞ்சமும் குறையாத சந்தோஷம். இதையா விடுவாள். மாட்டாள். மறுபடி எடுத்தாள். இழுபட்டிருந்தது.

பெரியப்பாவை நினைக்கக்கூடாது என்று இருந்தாள், நினைத்துவிட்டாள். அவருக்கும் வலது கைதான். முதலில் சட்டைப் பொத்தான், பிறகு கையெழுத்து, பிறகு கஞ்சி. பலாவிலையை மடக்கி ஈர்க்குக் குத்திக் கொடுத்தால் சட்டியிலிருந்து வாய்க்குப் போகும் வழியில் பாதி மீசைக்கு, பாதி மடிக்கு. வீட்டில் என்றால் ஒன்றுமில்லை, துடைத்துவிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவிருந்தில், முழு சபையும் முழங்காலில் நிற்க, அந்தச் சின்னத் திராட்சரசக் கிண்ணத்தை அவர் வாய்க்குக் கொண்டுபோவதற்குள் வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவந்துபோனது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை, யாராவது சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த தடவை அவர் திருவிருந்துக்கு எழும்பவில்லை. அப்புறம் கோவிலுக்கே வரவில்லை. அப்புறம் வீட்டுக்கு ஆள் வந்தால் கையைத் தோளில் கிடக்கும் துவர்த்துக்குள் பொத்தி வைத்துக்கொண்டு உள்ளறையில் உட்கார்ந்துவிடுவார். வியாதி அவரைக் கொல்லவில்லை, மறைத்து மறைத்தே அவர் ஒன்றுமில்லாமல் போனார். எப்சிபா தன் வலது கையைப் பார்த்தாள். மடியில் கிடந்தது, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி. பெருவிரல் மட்டும் ஆள்காட்டி விரலோடு லேசாக, பீடி உருட்டுவது போல. இதுதான் என்று எதுவும் இல்லை, நூறு காரணம் இருக்கலாம், டாக்டர் சொல்வாரு. டாக்டர் சொல்வாரு. எத்தனை பேரிடம் சொன்ன வார்த்தை. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது அவர்கள் படத்தைப் பார்க்கமாட்டார்கள், அவள் முகத்தைப் பார்ப்பார்கள், எப்பிடி இருக்கு சிஸ்டர் என்பார்கள், நுரையீரலில் வெள்ளையாய் ஒரு உருண்டை தெரிந்தாலும் அவள் முகத்தில் எதுவும் தெரியாது, சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை, அது சட்டம், டாக்டர் சொல்வாரு. அப்படிப் பழகின முகம்தான் இப்போது வீட்டில் கை கொடுக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் அவளுக்கே ஒன்றும் தெரியவில்லை. சரக் சரக் என்பது கிணற்றைச் சுற்றி வந்துவிட்டது.

வாழைமரத்தில் தோளைச் சாய்த்து எடுத்தாள். பலாவின் வேரில் முழங்கையை ஊன்றிக் குப்புறப் படுத்து எடுத்தாள், சேலையெல்லாம் மண், எறும்பு ஒன்று கழுத்தில் ஏறிக் கடித்தது, கடிக்கட்டும். குருவி பார்த்துக்கொண்டே கிடந்தது. இத்தனை பக்கத்தில் ஒரு பொம்பிளை உருண்டு புரண்டும் அது போகவில்லையே, அது போகாது, போனால் முட்டை தெரிந்துவிடும், அதன் நெஞ்சு அடித்துக்கொள்வது இறகுக்குமேலே துடிப்பாகத் தெரிந்தது, பயம் இல்லாமலா இருக்கும், பயந்துகொண்டேதான் அசையாமல் கிடக்கிறது. ஏ பக்கி, நீ இருக்கிறாய், நானும் இருக்கிறேன், பார்த்துவிடுவோம். எடுத்தாள், எடுத்தாள், எடுத்தாள். ஒன்றிலும் குருவி இல்லை. சருகின்மேல் சருகு இழுபட்டுக் கிடந்தது, அதற்குள் குருவி எங்கே என்று எடுத்தவளுக்கே தெரியவில்லை. அவ்வளவுதான், தெரிந்துவிட்டது. படம் பார்க்கத் தெரிந்தவளுக்கு இதற்குமேல் ஒரு படம் வேண்டாம். அழுகை வரும் என்று நினைத்தாள், அதற்குப் பதிலாகக் கோபம்தான் வந்தது, யார்மேல் என்று தெரியாத நல்ல சூடான கோபம், அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தபோது தென்னைமூட்டைத் தாண்டி வாரியல் வந்துவிட்டது, வாரியலுக்குப் பின்னால் நேசையன், இடுப்பில் தீப்பெட்டி.

"என்னட்டி, மண்ணுல உருண்டு கெடக்க? எழும்பு, இந்தப் பக்கமும் கூட்டிட்டுத் தீயப் போட்டுருவோம்."

"இங்க கூட்டாதிய. பக்கி அடை கிடக்கு."

"போன வாரம் அரணைன்னு சொன்ன. அதுக்கு முந்தி கீரி குட்டி போட்டிருக்குன்னு சொல்லி விறகுக் குவியலத் தொட விடல்ல. இப்பப் பக்கியா? போன வருசம் இந்தச் சருகுலதான் விரியன் கெடந்துது, மறந்துட்டியா?"

"மறக்கல்ல. அன்னா பாருங்க, உடைஞ்ச ஓடு கிடக்குல்லா, அதுக்கு வலப்பக்கம்."

"ஓடு தெரியுது."

"அதுக்கு வலப்பக்கம்."

"சருகு தெரியுது." அவர் வாரியலை ஊன்றிக்கொண்டு குனிந்து நிஜமாகவே பார்த்தார், மழையிருட்டில் மலை வளைவைக் கண்டுபிடித்த கண், பக்கியிடம் தோற்றுப்போனது. "படம் எடுத்திருப்பல்லா, அதக் காட்டு. படத்துல இருந்தாத்தான் கூட்டாம இருப்பேன்."

காட்டினாள். வேறு என்ன செய்வது. அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, திரையைக் கையால் நிழல்கட்டிப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார், அதற்கடுத்ததைப் பார்த்தார். "ஒண்ணும் தெரியல்லியே எப்சி. எல்லாம் ரெண்டு ரெண்டா இருக்கு. குருவி அசைஞ்சிட்டோ?" சொல்லியும் கொடுத்துவிட்டார் மகராசன். ஆமா, அசைஞ்சிட்டு. வாயில் தயாராக இருந்தது, நாக்கின் நுனியில், எத்தனை நாளாகப் பழகின வார்த்தை, சொன்னால் இந்த நிமிஷம் கடந்துபோகும், அவர் வாரியலை எடுப்பார், முட்டை போகும், அவள் பெரியப்பா மாதிரிக் கையைப் பொத்திக்கொண்டு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். அவர் இப்போது திரையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், எக்ஸ்ரே அறைக்கு வெளியே நிற்கிறவர்கள் பார்ப்பது மாதிரியே. இல்லை. சொல்ல அனுமதி இல்லாத வேலையிலிருந்து ஓய்வுபெற்று வருஷம் எத்தனையோ ஆகிவிட்டது. இது அவள் எடுத்த படம், அவள்தான் சொல்ல வேண்டும்.

"குருவி அசையல்ல," என்றாள். "அது அசையவே அசையாது. என் கைதான் ஆடுது. கொஞ்ச நாளாவே ஆடுது. உங்ககிட்ட மறைச்சிட்டேன்."

வாரியல் மெதுவாகச் சாய்ந்து வாழைமூட்டில் படுத்தது. நேசையன் கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றினார். பிறகு, "எந்தக் கை?" என்றார். வலது கையை நீட்டினாள். அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கை, உள்ளே அவள் விரல் நடுங்குவது அவருக்குத் தெரிந்திருக்கும், அவர் பிடியை இறுக்கினார், இறுக்கினாலும் அது நிற்கவில்லை. "பெரியப்பாவுக்கு இருந்துதே, அதா?" "தெரியல்ல. இருக்கும்." "ஆஸ்பத்திரிக்குப் போணும்." "போவோம். திங்கக்கிழமை போவோம். மருந்து தந்தா திம்போம். ஒளிஞ்சு மட்டும் இருக்கமாட்டேன், கேட்டியளா? கோவிலுக்கும் போவேன், இங்கயும் வருவேன். இப்ப இந்தக் குருவிய எடுக்கணும். வாங்க, என் முன்னால குத்த வைங்க."

"நான் எதுக்கு?"

"உங்க தோளு வேணும்."

முக்காலி அலமாரிமேல் இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டி, பலாமரத்தைப் பார்க்கக் குந்தி உட்கார்ந்தார். எப்சிபா லென்ஸை அவர் தோளில் வைத்தாள், வியர்வையும் சருகுத்தூளும் மணத்தது, கண்ணை வைத்துப் பார்த்தாள், தோளில் கிடந்த லென்ஸுக்குள் முதல்முறையாகக் குருவி நின்றது, அப்படியே நின்றது, எங்கே இறகு முடிகிறது எங்கே சருகு தொடங்குகிறது என்று கோடு போட்ட மாதிரித் தெரிந்தது. "மூச்ச இழுங்க," என்றாள். அவர் இழுத்தார். "பிடிங்க. அசையாதீங்க." டக்.

திரையைப் பார்த்தாள். படம் ஆடியிருந்தது. மறுபடியுமா என்று நினைத்தாள், பிறகுதான் கண் அதைப் படித்தது. இது பக்கவாட்டில் இல்லை. குருவி, ஓடு, வேர் எல்லாம் மேலும் கீழுமாக இழுபட்டிருந்தன, சின்னச் சின்னதாக, விட்டுவிட்டு. அவள் கை ஒருநாளும் அப்படி ஆடாது, ஆடியது தோள். அவர் முகம் அந்தப் பக்கம் இருந்தது, சத்தமும் இல்லை, பின்கழுத்து மட்டும் சிவந்திருந்தது. எத்தனையோ பேர் படத்தைப் பார்த்துச் சொல்லாமல் விட்டவள் இதையும் சொல்லாமல் விட்டாள். இடது கையை அவருடைய மற்றத் தோளில் வைத்தாள், கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். அவர் துவர்த்தால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்தார்.

"படம் ஆடிட்டு," என்றாள், அந்தப் பழைய இருட்டறைக் குரலில். "இன்னொண்ணு எடுக்கணும். நேரா இருங்க. மூச்ச இழுங்க."

இழுத்தார்.

"பிடிங்க."

பலாமரத்தடியில் சத்தமே இல்லை. குருவி அசையவில்லை, தோள் அசையவில்லை, கேமராவைப் பிடித்திருந்த வலது கையும் அந்த ஒரு நொடிக்கு அசையவில்லை. டக். திரையில் பக்கி ஒரு இறகு விடாமல் கிடந்தது, இடுக்கிய கண்ணோடு, நெஞ்சுக்கடியில் முட்டையின் ஓரம் துளி தெரிய. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். முன்னால் அந்த மனுஷன் கழுத்து நரம்பு புடைக்க இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார், சொன்னால்தான் விடுவார்.

"ம்," என்றாள் எப்சிபா. "விடுங்க."